மாப்பிள்ளையின் தலையில் முளைத்த பனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழில் வாசகர் அனுப்பும் ஒளிப்படங்களுக்கு அரைப்பக்கம் ஒதுக்குகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் அந்த அரைப்பக்கத்தில் ஒரு வாரம் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் சூரியன் விழுகிறது, அடுத்த வாரம் கசூரினாக் கடற்கரையில் விழுகிறது. கீழே ‘கலைப்படம்’ என்று போடுகிறீர்கள். அழகான பொருளை எடுத்தால் படமும் கலையாகிவிடும் என்ற எண்ணம் அனுப்புகிறவர்களிடம் இருக்கிறது, உங்கள் மேசையிலும் கொஞ்சம் இருக்கிறது போலத் தெரிகிறது. ஒளிப்படம் பழக்குகிற நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

கண்டவுடன் எடுக்கும் படத்தை இங்கே ‘ஸ்னப்’ என்போம். அதில் எடுப்பவர் செய்வது ஒரேயொரு முடிவு, எப்போது பொத்தானை அமத்துவது என்பது. எவ்வளவு வெளிச்சம், எது துலக்கம், என்ன நிறம் என்பதையெல்லாம் போன் பார்த்துக்கொள்ளும். எங்கே நிற்பது என்பதை, வந்து நின்ற கால் தீர்மானித்துவிடும். கலைப்படம் எடுப்பவர் இந்த முடிவுகளை ஒவ்வொன்றாகத் தன் கைக்குத் திருப்பி எடுக்கிறார். அவற்றில் பெரியது எதைப் படத்துக்கு வெளியே விடுவது என்பது. மூன்று லட்சம் ரூபாய்க் கமராவிலும் தானியங்கியில் வைத்து அமத்தினால் வருவது ஸ்னப்தான், கொஞ்சம் துலக்கமான ஸ்னப்.

ஓர் உதாரணத்தைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை, காலை எட்டு மணி, நீலத் தறப்பாளின் கீழ் வெற்றிலை விற்கும் ஓர் அம்மா. நின்றபடியே நெஞ்சளவில் போனைப் பிடித்துத் தட்டினால் என்ன வரும்? முகம் நீலம் பாரித்திருக்கும். பின்னால் வெய்யிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் வெள்ளையாய் எரிந்திருக்கும். வலது ஓரத்தில் யாரோ ஒருவரின் பாதி முதுகு. அம்மா கமராவைப் பார்த்து விறைத்திருப்பார்.

முதலில் நீலம். தறப்பாளுக்குள்ளால் வடிந்து வருகிற வெளிச்சமே நீலமானது. போன் பெரும்பாலும் முழுப் படத்துக்கும் ஒரே நிறத் திருத்தத்தைத்தான் போடும். பின்னணியில் நல்ல வெய்யில் இருக்கும்வரை அதற்கு எல்லாம் சரியாகவே தெரியும். வீட்டுக்கு வந்து முகத்தின் நீலத்தை நீக்கப் போனால் பின்னாலுள்ள சுவர் செம்மஞ்சளாகும். இதற்கு இரண்டு வழி உண்டு. தறப்பாளின் விளிம்புப் பக்கம் போய் இருந்தால், அம்மா உங்களைப் பார்க்கத் திரும்பும்போது வெளி வெளிச்சம் அவருடைய ஒரு கன்னத்தில் விழும். அந்தக் கன்னம் சரியான நிறத்திலும் மற்றது நிழலிலும் இருக்கும், முகத்துக்கு ஒரு கனம் வரும். மற்றது, நிறத்தையே விட்டுவிட்டுக் கறுப்பு வெள்ளைக்குப் போவது. அப்போது வெற்றிலையின் பச்சையும் போய்விடும். படம் வெற்றிலையைப் பற்றியதா, அந்த முகத்தைப் பற்றியதா என்று அந்த இடத்திலேயே தீர்மானிக்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் பிறகு வீட்டில் இருந்து ‘பிளாக் அண்ட் வைட்’டாக மாற்றுவதால் ஒன்றும் ஆகாது.

அடுத்தது உயரம். குந்தி இருங்கள். அம்மாவின் கண்ணும் லென்ஸும் ஒரே மட்டத்தில் வந்தால் பின்னணியில் இருந்த நிலக்குப்பை மறைந்து, எதிர்ச் சுவர் வரும். தூரம் ஒன்றரை மீற்றருக்குக் குறைய வேண்டாம். போனின் சாதாரண லென்ஸ் பழைய 35 மி.மீ. பிலிம் கணக்கில் 24 முதல் 26 மி.மீ. வரையானது, அகலக் கோணம். அதை முழங்கை நீளத்தில் முகத்துக்குப் பிடித்தால் மூக்குப் பெருத்துக் காது பின்னால் போய்விடும். லென்ஸைப் பழி சொல்வார்கள், உண்மையில் குற்றம் தூரத்தினுடையது. எட்டி இருந்து 2 மடங்கு உருப்பெருக்கத்தில் எடுங்கள், மூக்கு தன் அளவுக்குத் திரும்பும்.

பிறகு வெளிச்சம். கமராவில் வெளிச்சத்தை அளக்கும் மானிக்கு வெற்றிலையும் தெரியாது, முகமும் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். அதனால் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சுவரும் நிறைந்த இடத்தில் படம் இருண்டு முகம் கரியாகும், கருங்கற் சிலையைக் காட்டினால் கல் சாம்பல் பூத்து வெளிறும். புதிய போன்கள் முகத்தைக் கண்டுபிடித்துக் கொஞ்சம் சமாளிக்கும், முழுக்க நம்ப முடியாது. பெரும்பாலான போன்களில் முகத்தின் மேல் இரண்டு மூன்று செக்கன் விரலை அழுத்திப் பிடித்தால் குவியமும் வெளிச்ச அளவும் பூட்டப்படும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைச் சற்றுக் கீழே இழுத்தால் கன்னத்தின் எரிந்த வெள்ளை அடங்கும். இருண்ட பகுதியைப் பிறகு ஓரளவு தூக்கி எடுக்கலாம். எரிந்து வெள்ளையான இடத்தில் மீட்க ஒன்றும் இருக்காது.

கடைசியாகக் காத்திருப்பு. கேட்டு, அனுமதி வாங்கி, ஒரு கூறு வெற்றிலையும் வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் இருங்கள். விறைப்பு தானாகப் போய்விடும். ஆள் வெற்றிலையை எண்ணி அடுக்கத் தொடங்குவார். கை மேலே வந்து, கண் கீழே போய், பின்னால் நடப்பவர்கள் விலகி இருக்கும் ஒரு நொடி வரும். தறப்பாளின் கீழ் போன் தன்பாட்டில் வெளிச்சம் வாங்கும் நேரத்தை 1/30 செக்கன்வரைகூட நீட்டிவிடும், அடுக்குகிற கை கரைந்துபோகும். கை துலக்கமாக வேண்டுமென்றால் நாமே அளவுகளை வைக்கும் புரோ முறையில் 1/250 வையுங்கள், ஐஎஸ்ஓ என்ற ஒளி உணர்திறன் ஏறிப் படத்தில் கொஞ்சம் மணல்போலப் புள்ளி விழட்டும், பரவாயில்லை. கை கரைவதுதான் வேண்டுமென்றால் 1/15 வைத்துப் போனை ஒரு பெட்டியின் மேல் சாத்திவிடுங்கள். இரண்டும் சரிதான், நினைத்துச் செய்திருக்க வேண்டும், அவ்வளவே. இருபது முப்பது எடுத்தால் ஒன்று தேறும். மீதி இருபத்தொன்பதையும் பேஸ்புக்கில் போடாமல் இருப்பதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி.

இனி எங்கள் ஊர் வெய்யில். விடிந்த பிறகும் பொழுது சாய முன்னும் படத்துக்கு நல்ல மஞ்சள் வெளிச்சம் இருக்கும் என்று மேல்நாட்டார் எழுதிய ‘பொன்னொளி ஒரு மணி நேரம்’ என்ற கணக்கை இங்கே பாடமாக்கிக்கொண்டு பலர் ஏமாறுகிறார்கள். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வடக்கே இருக்கிறது, சூரியன் நேராக மேலேறும். விடிந்து அரை மணி நேரத்தில் மஞ்சள் கரைந்துவிடும். சுலபமான அளவுகோல் உங்கள் நிழல்தான். அது உங்களைவிட நீளமாக இருக்கும்வரை, அதாவது காலை ஒன்பது மணிவரையும் பின்னேரம் மூன்றரைக்குப் பிறகும், வெளிச்சத்துக்கு ஒரு பக்கம் இருக்கும், முகத்துக்கு ஓர் உருவம் கிடைக்கும். சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் வருவது வருஷத்தில் இரண்டு தடவை, ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும். நேரம் பகல் 12.10 அளவில். ஏப்ரல் நடுப்பகுதி என்றால் சித்திரைப் புத்தாண்டு. புத்தாடை உடுத்த முழுக் குடும்பத்தையும் சாப்பாட்டுக்கு முன் முற்றத்தில் நிரையாக நிற்கவைத்து எடுக்கும் படத்தில் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழிதான் இருக்கும். அவர்களை விறாந்தைக்குக் கூப்பிடுங்கள். கூரை விளிம்பிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே, முகம் முற்றத்தைப் பார்க்க நின்றால் போதும். முற்றத்து வெண்மணல் கீழிருந்து வெளிச்சம் கொடுத்துக் குழியை நிரப்பும். மணல் இல்லாவிட்டால் ஒரு வெள்ளை வேட்டியை நிலத்தில் விரியுங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் பல வருடங்களில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேர் வருகிறது. ஆயிரம் போன்கள் கிழக்கு வாசலில், சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு, ஒரே படத்தை எடுக்கும். தேர் தெற்கு வீதியில் மேற்கு நோக்கி வரும்போது அதற்கு முன்னால் தள்ளி நின்று பாருங்கள். காலைச் சூரியன் தேருக்குப் பின்னால் இருக்கும், தேரே அதை மறைக்கும். கற்பூரப் புகையும் காலடித் தூசியும் ஒளிபட்டு எழும். வடம் இழுப்பவர்களின் தோள்களில் ஒரு வெள்ளி விளிம்பு ஓடும். முகங்கள் இருண்டுதான் இருக்கும், வெளிச்ச அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள், முழுக்கக் கூட்டினால் புகை செத்துவிடும்.

தலைப்பில் உள்ள பனைக்கு வருவோம். கல்யாணப் படங்களில் மாப்பிள்ளையின் தலைப்பாகையிலிருந்து ஒரு பனை நேராக மேலெழுந்து நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எடுக்கிறவரின் கண் மாப்பிள்ளையை மட்டும் பார்க்கிறது, பின்னால் நிற்கும் மரத்தை மூளை தள்ளிவிடுகிறது. லென்ஸ் எதையும் தள்ளாது. இதற்குப் பரிகாரம் அரை அடி இடப்பக்கம் நகர்வதுதான். அமத்துவதற்கு முன் கண்ணைப் படத்தின் நாலு ஓரத்திலும் ஒருமுறை ஓட்டுகிற பழக்கம் வந்துவிட்டால் பனை, மின்கம்பம், பாதி முதுகு, கணுக்காலில் வெட்டுண்ட கால் எல்லாம் தாமாகக் குறையும். ‘போர்ட்ரெய்ட்’ முறை பின்னணியை மங்கலாக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம், அது மணமகளின் மல்லிகைச் சரத்தில் பாதியையும் சேர்த்து அழிக்கும்.

சூரியன் விழும் படத்தை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. பண்ணையில் வீச்சுவலை எறிபவரை நிழலுருவாக எடுக்கலாம். சூரியனுக்குப் பக்கத்து வானத்தில் அளவைப் பூட்டி, 1/1000 செக்கனில், வலை வட்டமாக விரிந்து இன்னும் தண்ணீரைத் தொடாத கணத்தில். ஆளுக்கும் வலைக்கும் தோணிக்கும் இடையில் வானம் தெரிய வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டினால் எல்லாம் ஒரு கறுப்புக் கட்டியாகிவிடும். உப்புக் காற்றில் லென்ஸ் பூத்திருக்கும், பழைய பருத்தித் துணியால் துடைக்காவிட்டால் சூரியனைச் சுற்றிப் பால் ஊற்றியதுபோல இருக்கும்.

நிறத்தை ஏற்றுகிற ‘பில்டர்’ பற்றிக் கொஞ்சம். எடுத்த பிறகு படத்தில் கைவைப்பது குற்றம் என்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. கொழும்பில் வாழ்ந்த ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட் (1900–1944) வழக்கறிஞர், பியானோ வாசிப்பவர். படம் கழுவும்போதே அதன்மேல் ஒரு கணம் வெளிச்சத்தை விட்டுக் கறுப்பையும் வெள்ளையையும் புரட்டிப் போடும் முறையைக் கையாண்டவர். அவருக்கு எந்த ஓரம் புரள வேண்டும் என்பது தெரிந்திருந்தது. ஒரே சொடுக்கில் எல்லா வானத்தையும் ஊதாவாக்குபவருக்கு அது தெரிவதில்லை. செய்திப்படம் வேறு விஷயம், அதில் வெளிச்சம், வெட்டு தவிர வேறெதிலும் கைவைக்கக்கூடாது.

ஸ்னப்பை நாங்கள் இழிவாக நினைப்பதாக யாரும் எண்ண வேண்டாம். 1995இல் போரால் நேர்ந்த இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டுப் போன குடும்பங்களில் எத்தனையோ அல்பங்கள் வீட்டோடு போயின. அவற்றில் தப்பிய ஒரு படத்தில் தலை வெட்டுண்டு, அம்மம்மா மங்கலாக நின்றாலும், அதற்கு ஈடாக எந்தக் கலைப்படத்தையும் வைக்க முடியாது. ஸ்னப்பின் வேலை ‘இவர் இருந்தார், இங்கே இருந்தார்’ என்று சொல்வது. அதற்கு வேண்டியது பின்பக்கத்தில் பெயரும் ஊரும் வருடமும். மென்பென்சிலால் எழுதுங்கள், பேனை மை சில வருடத்தில் முன்பக்கம் ஊறலாம். போனில் உள்ளதை வருடத்துக்கு நாற்பது ஐம்பதாவது அச்சிட்டு வையுங்கள்.

உங்களிடம் சில வேண்டுகோள்கள். படங்களை வட்ஸ்அப்பில் வாங்காதீர்கள். சாதாரணமாக அனுப்பும் படத்தை அது நன்றாகச் சுருக்கிவிடும். மூன்று பேர் சேமித்து மறுபடி ஏற்றி அனுப்பி வந்தால் வானத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். ‘டொக்கியூமென்ட்’ ஆகவோ மின்னஞ்சலிலோ மூலக் கோப்பைக் கேளுங்கள். 4000க்கு 3000 புள்ளியுள்ள 12 மெகாபிக்சல் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 13 அங்குல அகலம்வரை நல்ல தாளிலேயே அச்சிடலாம். உங்கள் தாளுக்குத் தாராளம். பத்திரிகைத் தாளில் மை பரவுவதால் நிழல் பகுதி ஒரு படி இருளும், அச்சுக்கு முன் அதைத் தூக்கிவிடச் சொல்லுங்கள். எட்டுப் படத்தை முத்திரை அளவில் போடுவதைவிட இரண்டைப் பெரிதாகப் போடுங்கள். கீழே ‘இயற்கையின் எழில்’ என்று எழுதாமல் இடம், மாதம், நேரம் எழுதுங்கள். மதில் ஓரத்துச் சைக்கிள், சுன்னாகச் சந்தையின் வெங்காயச் சாக்கு, மழைக்குப் பிறகு செம்மண் தோட்டத்தில் தேங்கிய தண்ணீர் என்று யாராவது அனுப்பினால், சூரியனை ஒரு வாரம் நிறுத்திவைத்து அவற்றுக்கு இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒளிப்படம் பழக்கும் சிலர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.