ஜாமீன் கையெழுத்திட்ட இருவருக்கும் உடன் நின்றவர்களுக்கும்

என் தம்பி சிறையிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. வழக்கு இன்னும் நடப்பதால் குற்றச்சாட்டைப் பற்றி எதுவும் எழுதப்போவதில்லை. ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் அவன் 96 நாள்கள் உள்ளேயே இருந்தான். அந்த நாள்களில் எங்களுக்குக் கை கொடுத்தவர்களுக்கே இம்மடல்.

அதே உத்தரவில், இருவர் பிணை நிற்க வேண்டும் என்ற அதே இரு நபர் ஜாமீன் நிபந்தனையில் விடுவிக்கப்பட்ட முதல் எதிரி, அதாவது அதே வழக்கில் முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவர், நான்காம் நாளே வெளியே வந்துவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. வீட்டு வரி ரசீது வைத்திருக்கும் இரண்டு பேரை அவருக்குத் தெரிந்திருந்தது. வாடகைக்குக் குடியிருக்கும் எங்களுக்குத் தெரிந்தவர்களும் வாடகைக்கு இருப்பவர்களே.

முதல் நன்றி, சிறைக்கு வந்து கைதிகளைச் சந்திக்கும் சட்டத் தன்னார்வலர் அம்மாவுக்கு. தம்பியின் கைதி எண்ணையும் குற்ற எண்ணையும் தம் நோட்டில் எழுதி, அதை அவனிடமே காட்டி ஒருமுறை வாசிக்கச் சொன்னாராம். ஓர் இலக்கம் பிசகினாலும் கோப்பு கைக்கு வராது என்பது அவர் அனுபவம். ஜாமீன் கிடைத்தும் 7 நாள்களுக்குள் விடுதலையாகாதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதம் கடந்தால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே தானாகப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று வழிமுறை வகுத்திருப்பதை அவர் சொல்லித்தான் அறிந்தோம். எங்களுக்கோ ஏழாம் நாளும் போயிற்று, முப்பதாம் நாளும் போயிற்று. அவர் நோட்டில் தம்பியின் பெயருக்கு மேலும் கீழும் எத்தனையோ பெயர்கள். 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டின் சிறைவாசிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் வழக்கு முடியாத விசாரணைக் கைதிகள் என்று பிறகு படித்தபோது, அந்தப் பக்கம்தான் கண்முன் வந்தது.

அடுத்து, ஆணைக்குழு அமர்த்தித் தந்த வழக்கறிஞருக்கு. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதைக் காட்டி, நாங்கள் நீட்டிய பணத்தைத் தொடவே மறுத்துவிட்டார். நிலப் பத்திரத்துடன் வந்த எங்கள் மாமாவை, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். இதே காரணத்துக்காக மத்தியப் பிரதேசக் கொத்தனார் ஒருவருக்கு அவருடைய சகோதரர் பிணை நிற்பது மறுக்கப்பட்டதை உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1978-இலேயே கடுமையாகக் கண்டித்திருக்கிறார். அந்தத் தீர்ப்பை வழக்கறிஞர் மனுவில் எடுத்துக்காட்டிய பிறகு மாமாவின் பத்திரம் ஏற்கப்பட்டது. பத்திரம் அதேதான், நிலமும் அதேதான்.

இரண்டாம் கையெழுத்து, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருடையது. தம்பி தப்பிப் போனால் பிணைத் தொகை தம் தலையில் விழும் என்று நன்றாகத் தெரிந்தே வந்தார். "எதிரி உங்களுக்கு என்ன உறவு?" என்று நீதிமன்றத்தில் கேட்டபோது, "உறவில்லை. என் வீட்டுக்கு வயரிங் செய்தவர். ஆறு வருடமாகிறது, ஒரு சுவிட்ச்கூடப் பழுதாகவில்லை" என்றார். குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

தம்பியின் வேலையை வேறொருவருக்குக் கொடுக்காமல் வைத்திருந்த மேஸ்திரிக்கும், சிறையில் தம்பியை மனு பார்க்கப் போகும் நாள்களில் என் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

தம்பி நாள்தோறும் காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்திட்டுவிட்டு வேலைக்குப் போகிறான். சென்ற வாய்தா முடிந்ததும் நீதிமன்ற வாசலிலிருந்தே ஆசிரியைக்குத் தொலைபேசியில் அழைத்து, "வந்துவிட்டேன் டீச்சர், அடுத்த தேதி போட்டுவிட்டார்கள்" என்று சொன்னான். அவர் அந்தத் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டாராம்.

நன்றியுடன்,
அவனுடைய அக்கா