ஊசியா, முடி நடவா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூரிலும் புதுச்சேரியிலும் பேருந்து நிறுத்தச் சுவர்களில், நாளிதழோடு மடித்து வரும் நோட்டீஸ்களில், கைபேசியில் எங்கு பார்த்தாலும் வழுக்கை சிகிச்சை விளம்பரங்கள்தான். கத்தியே வேண்டாம், ஊசி போதும் என்கிறது ஒன்று. ஒரே நாளில் 5,000 கிராஃப்ட் (வேரோடு பெயர்த்த முடிக்கொத்து) நடுகிறோம் என்கிறது இன்னொன்று. இதைப் படிப்பவர்கள் பி.ஆர்.பி. ஊசியும் (நம் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைச் செறிவாக்கித் தலையில் போடுவது) முடி நடும் அறுவை சிகிச்சையும் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டின் வேலையும் வேறு. ஊசி, உயிரோடு இருக்கும் வேர்க்காலைத் தேற்றப் பார்க்கிறது. அறுவை சிகிச்சை, பிடரியில் இருக்கும் வேர்க்காலைப் பெயர்த்து முன்னால் நடுகிறது. வழுக்கையை உண்டாக்கும் காரணத்தை இரண்டுமே நிறுத்துவதில்லை.

ஆண்களின் பரம்பரை வழுக்கையில் டி.எச்.டி. என்ற ஹார்மோன் நெற்றியிலும் உச்சியிலும் உள்ள வேர்க்கால்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குகிறது. தடித்த முடி மெலிந்து, பூனைமுடியாகி, கடைசியில் தலை வழுவழுப்பாகிறது. பூனைமுடி தெரியும் வரை வேர்க்கால் உயிரோடு இருக்கிறது. மருந்துக்கும் ஊசிக்கும் அங்கே வேலை உண்டு. வெளிச்சம் பட்டால் மின்னும் வழுக்கையில் எத்தனை ஊசி போட்டாலும் முளைக்க ஒன்றும் இல்லை. வீராணம் பாசனத்தில் பயிர் செய்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: விதை இல்லாத வயலில் உரம் எதற்கு?

இரண்டுமே தேவைப்படாதவர்கள்தான் பல நேரம் முதலில் பணம் கட்டுகிறார்கள். டெங்கு, டைபாய்டு போன்ற கடும் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் பிறகு 2, 3 மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டும். பெரும்பாலானவர்களுக்கு 6 மாதத்துக்குள் அது தானாக நின்று திரும்ப முளைக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் அதுவே பலன் தந்ததாகத் தோன்றும். பெண்களுக்கு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு பார்க்காமல் எந்த ஊசியும் தொடங்கக் கூடாது. இறுக்கிச் சடை போடுவதால் நெற்றியோரம் முடி போவது தனி வகை. சடையைத் தளர்த்துவதுதான் அதற்கு முதல் சிகிச்சை. காசளவு வட்டமாகப் போகும் புழுவெட்டில் முடி நடுவது பொதுவாக வீண், ஏனென்றால் நட்ட முடியையும் அதே நோய் தாக்கலாம். போர் தண்ணீரைக் குறை சொல்பவர்கள் நம் ஊரில் அதிகம். உப்புத் தண்ணீரால் முடி சொரசொரப்பாகும், நடுவில் ஒடியும். நெற்றி ஏறுவதற்கு அது காரணமல்ல.

இனி பி.ஆர்.பி. கையிலிருந்து சுமார் 20 மி.லி. ரத்தம் எடுத்து, உறையாமலிருக்க சிட்ரேட் கலந்த குழாயில் விட்டு, இயந்திரத்தில் சுழற்றுவார்கள். முதல் சுற்று முடிந்ததும் குழாயைப் பார்த்தால் அடியில் கருஞ்சிவப்பு, மேலே வைக்கோல் நிறத் திரவம், இரண்டுக்கும் நடுவே வெண்மையாக ஒரு மெல்லிய ஏடு தெரியும். அந்த மஞ்சள் திரவத்தையும் ஏட்டையும் வேறு குழாய்க்கு மாற்றி இன்னும் வேகமாகச் சுழற்றினால், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அடியில் இறங்கும். மேலே நிற்பதைக் கொட்டிவிட்டு, அடியில் உள்ள 3 அல்லது 4 மி.லி.யை மட்டுமே எடுக்க வேண்டும்.

ஏமாற்றம் நடப்பது இந்த இடத்தில்தான், எளிய கணக்கிலேயே பிடித்துவிடலாம். ஒருவருடைய தட்டணு எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 20 மி.லி. ரத்தத்திலிருந்து 4 மி.லி. எடுத்தால், ஒன்றுகூட வீணாகாவிட்டால் 5 மடங்கு, அதாவது 10 லட்சம். பலன் எதிர்பார்க்கக்கூடிய அளவு ஏறத்தாழ அதுதான். அதே ரத்தத்தில் 10 மி.லி. மஞ்சள் நீரை எடுத்துத் தலை முழுக்கக் குத்தினால் அதிகபட்சம் 2 மடங்குதான். சிரிஞ்ச் நிறைய இருப்பதைப் பார்த்து மகிழ வேண்டாம். கடைசியில் எத்தனை மி.லி. வந்தது என்று கேளுங்கள்.

குழாயில் உங்கள் பெயரை உங்கள் கண்ணெதிரே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேரின் குழாய்கள் சுழலும் இடத்தில் அவை மாறினால், எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலைக் கிருமியும் ஊசி வழியே போகும். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் தட்டணுவின் வேலையைக் கெடுக்கும் என்பதால் ஒரு வாரம் முன்பே நிறுத்துவது வழக்கம். ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்க வேறு மாத்திரையோ சாப்பிடுபவர்கள் இந்த ஊசிக்காக அதை நிறுத்தவே கூடாது. மாதம் ஒன்றாக 3, 4 முறை, பிறகு 4 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை என்பது பரவலான முறை. நிறுத்தினால் கிடைத்த பலன் மெல்லப் போய்விடும். அதே விளக்கொளியில், அதே வகிட்டில் எடுத்த புகைப்படத்தில் 6 மாதத்துக்குப் பிறகும் மாற்றம் தெரியவில்லை என்றால் தொடர வேண்டாம்.

இதற்கு மேல் விலை வைத்து எக்சோசோம் (செல்கள் வெளியிடும் நுண்பைகள்), ஸ்டெம் செல் என்று விற்கிறார்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எக்சோசோம் பற்றி 2019-லேயே பொது எச்சரிக்கை வெளியிட்டது. ஸ்டெம் செல்லைப் பொறுத்தவரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல் தெளிவானது: ரத்த நோய்கள் போன்ற ஏற்கப்பட்ட சில தேவைகளுக்கான மஜ்ஜை மாற்று தவிர மற்ற எதுவும் ஆராய்ச்சியாக மட்டுமே நடக்க வேண்டும். ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் காசு வாங்குவது அநியாயம்.

அறுவை சிகிச்சைக்கு வருவோம். பிடரி முடியை முன்னால் நட்டாலும் அது பிடரியின் குணத்தோடேயே வளரும் என்று அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959-ல் எழுதினார். இந்த சிகிச்சை முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. ஒரு கிராஃப்டில் 1 முதல் 4 முடி, சராசரியாக 2. ஆகவே 2,000 கிராஃப்ட் என்றால் சுமார் 4,000 முடி. முடிக்கு விலை பேசுகிறார்களா, கிராஃப்டுக்கா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

முன்நெற்றியில் 50 சதுர செ.மீ. இடத்தில் சதுர செ.மீ.க்கு 35 வீதம் நட்டால் 1,750 கிராஃப்ட். இது நடக்கக்கூடியது. முன்னும் உச்சியும் சேர்ந்து 200 சதுர செ.மீ. காலியானவருக்கு இதே அடர்த்தியில் 7,000 வேண்டும். பலருடைய பிடரியால் வாழ்நாள் முழுக்கவும் அவ்வளவு கொடுக்க முடியாது. நாற்றங்காலில் பறித்த இடத்தில் மறுபடி விதைக்கலாம், பிடரியில் அது முடியாது. அதனால்தான் 22 வயதுப் பையனுக்கு நெற்றியைத் தாழ்த்தி 3,000 நட்டுவிடுவது பெரிய தவறு. அவனுடைய வழுக்கை இன்னும் 20 வருடம் பின்னால் ஓடும். நட்ட முடி முன்னால் தீவாக நிற்க, நடுவில் காலியாகும். அதை மூடப் பிடரியில் இருப்பு இருக்காது.

இதைத் தடுப்பது மாத்திரையும் தடவும் மருந்தும்தான், விளம்பரத்தில் இவற்றுக்கு இடமில்லை. தடவும் மருந்தான மினாக்சிடில் 5 சதவீதம் தொடங்கியதும் முதல் சில வாரம் கூடுதலாகக் கொட்டும். பயந்து நிறுத்திவிடுகிறார்கள், பலன் தெரிய 4 முதல் 6 மாதம் ஆகும். ஃபினாஸ்டிரைடு 1 மி.கி. மாத்திரை டி.எச்.டி. உண்டாவதையே குறைக்கிறது. சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறையலாம், அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். கர்ப்பிணிகள் தொடக்கூடாது. 50 வயதைத் தாண்டியவர்கள் புராஸ்டேட்டுக்காக பி.எஸ்.ஏ. பரிசோதனை செய்யும்போது இம்மாத்திரை சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள், அது அந்த அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.

நட்டது ஏன் முளைக்கவில்லை என்பதற்குப் பெரும்பாலும் காரணம் கைவேலைதான். 0.8 முதல் 1 மி.மீ. வாயுள்ள துளைக்கருவி முடி சாய்ந்திருக்கும் கோணத்திலேயே இறங்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் தோலுக்குள்ளேயே வேர் வெட்டுப்படும். எடுத்த கிராஃப்டை உருப்பெருக்கியில் பார்த்தால் நுனியில் சின்ன வெங்காய வேர் போல ஒரு குமிழ் இருக்கும், அதைச் சுற்றிக் கொஞ்சம் கொழுப்பு. இடுக்கியால் அந்தக் குமிழை நசுக்கினாலோ, ஏசி காற்றில் கையுறையின் மேல் சில நிமிடம் காயவிட்டாலோ போயிற்று. குளிர்ந்த சலைனில் மூழ்கியே இருக்க வேண்டும். உடலுக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சேதம் கூடும் என்பதால்தான் ஒரே நாளில் 5,000 என்பதை நான் நம்புவதில்லை.

அதைவிட அஞ்ச வேண்டியது மரத்துப்போகும் ஊசி. அட்ரினலின் சேர்த்த லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்துக்கு உச்ச அளவு எடைக்கு ஒரு கிலோவுக்கு 7 மி.கி. 60 கிலோ உள்ளவருக்கு 420 மி.கி.; 2 சதவீத மருந்தில் அது வெறும் 21 மி.லி. பிடரிக்கும் முன்தலைக்கும் சேர்த்து, நேரம் நீள நீள மறுபடி மறுபடி போடும்போது இந்தக் கணக்கை யாராவது எழுதிக்கொண்டே வர வேண்டும். மீறினால் முதலில் உதட்டைச் சுற்றி மரமரப்பு, காதில் இரைச்சல், பிறகு வலிப்பு, கடைசியில் இதயம். மருந்து ஏற்றக் கையில் ஊசிவழி, ஆக்சிஜன், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டர், மரப்பு மருந்தின் நஞ்சை முறிக்கும் 20 சதவீத லிப்பிட் மருந்து ஆகியவை அந்த அறையிலேயே இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை பொறுக்கும் விஷயமல்ல.

சிகிச்சைக்குப் பின் 3, 4-ம் நாள் நெற்றி வீங்கிக் கண் வரை இறங்கும், பயப்பட வேண்டாம். பொருக்கை நோண்டக் கூடாது. ஒரு மாதம் சில்வர் பீச், பாரடைஸ் பீச் குளியல் கிடையாது. 2 முதல் 6 வாரத்துக்குள் நட்ட முடி கொட்டும், வேர் உள்ளேயே இருக்கும். 3, 4 மாதத்தில் துளிர்த்து, முழுப் பலன் ஒரு வருடத்தில். பட்டையாகத் தோலை வெட்டி எடுக்கும் முறையில் பிடரியில் நீளக் கோடாகத் தழும்பு நிற்கும். திருப்பதிக்கு மொட்டை நேர்ந்துகொள்ளும் குடும்பத்தவர் இதை முன்பே யோசிக்க வேண்டும்.

யார் செய்யலாம் என்பதில் குழப்பமே இல்லை. தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் சொல்லிவிட்டது: முறையான பயிற்சி பெற்ற பதிவு பெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும்; யூடியூபிலும் பயிலரங்கிலும் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது. ஆனால் பல இடங்களில் மருத்துவர் நெற்றியில் கோடு போட்டுவிட்டுப் போய்விடுகிறார், துளையிடுவது யாரோ. துளையிடுவதும் கீறுவதும் யார் கை என்று பெயரோடு ஒப்புதல் படிவத்தில் எழுதி வாங்குங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். முடி சிகிச்சை விளம்பரங்களை ஏற்கும்போது, சிகிச்சை செய்யும் மருத்துவரின் பெயர், பட்டம், மருத்துவக் கவுன்சில் பதிவு எண் ஆகிய மூன்றும் இல்லாதவற்றைத் திருப்பி அனுப்புங்கள். பதிவு எண் இருந்தால் வாசகர் அதைக் கவுன்சில் இணையதளத்தில் போட்டுப் பார்த்துக்கொள்வார்.

தோல் நோய் மருத்துவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.