மூன்று கிளவுடிலும் ஒரே மாதிரி இயங்கும் என்று விற்ற மெசேஜ் க்யூ சேவை பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: லாக் நேரத்தைச் சொல்லாமல் குறைத்ததால் ஒரே வேலை இரண்டு முறை நடந்தது தொடர்பாக

ஐயா / அம்மா,

எங்கள் மென்பொருள் அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்டின் அஸூர் ஆகிய மூன்று கிளவுடிலும் ஓடுகிறது. செய்ய வேண்டிய வேலைகளை மெசேஜ்களாக வரிசையில் வைக்க, வொர்க்கர் எனப்படும் நிரல்கள் அவற்றை எடுத்துச் செய்யும்; அந்த வரிசைதான் மெசேஜ் க்யூ. காஃப்கா, ரேபிட்எம்க்யூ போன்ற க்யூ மென்பொருளை நாங்களே நிறுவலாம் என்றும் யோசித்தோம். இரவு பகலாகப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் உங்கள் சேவையை எடுத்தோம். கீழே எந்த கிளவுடின் க்யூ இருந்தாலும் எல்லாம் ஒரே மாதிரி நடக்கும் என்று உங்கள் விற்பனைப் பிரிவு உறுதி சொன்னது.

பில்களைத் தொகுக்கும் எங்கள் வேலை ஒன்று முடிய ஏழெட்டு நிமிடம் ஆகும். அதனால் லாக் நேரத்தை, அதாவது ஒரு வொர்க்கர் எடுத்த மெசேஜை வேறு வொர்க்கர் எடுக்காதபடி க்யூ பூட்டி வைக்கும் நேரத்தை, 10 நிமிடம் என்று வைத்தோம். உங்கள் திரை அதை ஏற்றுக்கொண்டு, மூன்று கிளவுடுக்கும் 10 என்றே காட்டியது. ஆனால் அந்தந்த கிளவுடின் க்யூவுக்கு வரம்பு வேறு: அமேசான் எஸ்க்யூஎஸ் 12 மணி நேரம் வரை அனுமதிக்கும். கூகுள் பப்சப் 600 விநாடி, அதாவது 10 நிமிடம் வரை. அஸூர் சர்வீஸ் பஸ்ஸில் உச்சவரம்பே 5 நிமிடம்தான். அங்கே மட்டும் உங்கள் மென்பொருள் சத்தமில்லாமல் 5 என்று குறைத்துக்கொண்டது.

லாக் காலாவதியானதும் மெசேஜ் க்யூவுக்குத் திரும்பிவிட, இன்னொரு வொர்க்கர் அதே வேலையை எடுத்துக்கொண்டது. பதிவேட்டில் அப்பட்டமாகத் தெரிகிறது: அதே மெசேஜ் ஐடி, டெலிவரி கவுன்ட் (எத்தனையாவது முறை தரப்பட்டது என்ற எண்) முதலில் 1, சரியாக ஐந்து நிமிடம் கழித்து 2. முதல் வொர்க்கர் வேலையை முடித்துவிட்டு வந்தால் 'லாக் போய்விட்டது' என்று பிழை. எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரே பில் இரண்டு முறை போயிருக்கிறது. பதில் சொல்லும் நிலையில் இருப்பது நாங்கள்.

உங்கள் சப்போர்ட் தந்த பதில்: "ஒரு முறையாவது கொண்டு சேர்ப்போம் என்பதுதான் உத்தரவாதம், இரட்டிப்பு வருவது இயல்பு, அதைத் தாங்கும்படி நிரல் எழுதுங்கள்." நெட்வொர்க் அறுந்து எப்போதாவது இரட்டிப்பு வந்தால் அந்தப் பதில் சரி. இங்கே ஐந்து நிமிடத்தைத் தாண்டும் ஒவ்வொரு வேலையும் திரும்ப வருகிறது. லாக்கைப் புதுப்பிக்க அஸூரே வசதி தந்திருக்கிறது. அதைச் செய்யத்தானே உங்களுக்குப் பணம் கட்டுகிறோம்? முடியாது என்றால் 10 என்று வைக்கும்போதே திரை மறுத்திருக்க வேண்டும். அன்றைக்கே வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்திருப்போம்.

ஒரு கிளவுடிலிருந்து இன்னொன்றுக்குத் தரவு போக ஆகும் கட்டணம் உங்கள் மதிப்பீட்டில் இல்லாதது பற்றித் தனியாக எழுதுகிறேன்.

லாக் புதுப்பித்தலைச் சேர்க்க வேண்டும், அல்லது வரம்பு மீறும் மதிப்பைத் திரையிலேயே நிராகரிக்க வேண்டும். மெசேஜ் அளவு, சேமிப்புக் காலம் போன்றவற்றிலும் இப்படிக் குறைத்திருந்தால், எந்த கிளவுடில் எவ்வளவு என்று எழுத்துமூலம் தர வேண்டும். இரட்டிப்பான மெசேஜ்களுக்கு வசூலித்த தொகையைத் திருப்பித் தாருங்கள். 15 நாளுக்குள் இவை நடக்காவிட்டால், அபராதமில்லாமல் ஒப்பந்தத்திலிருந்து எங்களை விடுவிக்கக் கோருகிறேன். சம்பந்தப்பட்ட பதிவுகளை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(மென்பொருள் பிரிவுப் பொறுப்பாளர்)