ஆடி மாதத்தில் மாலத்தீவு

தருமபுரி,
ஆடி, 2025

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் வந்தபோது நாங்கள் ஊரில் இல்லை. பக்கத்து வீட்டில் வாங்கி வைத்திருந்தார்கள். போர்வெல் மோட்டார் மறுபடியும் எரிந்துபோனதையும், பெங்களூரா மாங்காய் பறிப்புக் கூலிக்குக்கூடத் தேறாமல் போனதையும் படித்தேன். இந்த ஆண்டு கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்க இதே புலம்பல்தான். சந்தைக்கு வந்த பர்கூர்க்காரர் ஒருவர், லாரி வாடகையைக் கணக்குப் பார்த்துவிட்டுக் காயை மரத்திலேயே விட்டுவிட்டதாகச் சொன்னார். இதற்கு நான் கடிதத்தில் என்ன ஆறுதல் எழுதுவது? நேரில் பேசுவோம்.

மாலத்தீவு எப்படி இருந்தது, மகள் நச்சரிக்கிறாள், போகலாமா என்று கேட்டிருந்தாய். இங்கே கேட்கிறவர்களுக்கெல்லாம் "பிரமாதம்" என்று சொல்லி வாயை மூடிக்கொள்கிறேன். வேறு ஏதாவது சொன்னால் பெங்களூருவில் இருக்கும் பையனின் காதுக்குப் போய்விடும். அப்பா, அம்மாவை ஒருமுறையாவது விமானத்தில் ஏற்றி, ராஜா மாதிரி வைத்துப் பார்க்க வேண்டும் என்று மாதாமாதம் எடுத்து வைத்த பணம் அது. உனக்கு மட்டும் உள்ளதை எழுதுகிறேன். படித்துவிட்டு மனதோடு வைத்துக்கொள்.

என் கல்யாணச் சமையல் தொழிலுக்கு ஓய்வு என்றால் ஆடிதான் என்பது உனக்குத் தெரியும். கல்யாணம் கிடையாது, அண்டா அடுப்பில் ஏறாது, மாஸ்டர்களும் ஊருக்குப் போய்விடுவார்கள். அதனால் பையன் ஆடியிலேயே டிக்கெட் போட்டான். ஏஜென்டும் இந்த மாதத்தில் விலை மலிவு என்று சொல்லியிருக்கிறார். மலிவுக்குக் காரணத்தை வானம் சொன்னது. மே முதல் அக்டோபர் வரை அங்கே தென்மேற்குப் பருவமழைக் காலம். டிசம்பர் பிறந்த பிறகுதான் வானம் வெளுக்கும், விலையும் ஏறும். ஆக, எனக்குப் பந்தி இல்லாத மாதமும் அவர்களுக்குக் கூட்டம் இல்லாத மாதமும் ஒன்றாகவே வந்து வாய்த்தன.

பெங்களூருவில் விமானம் தாமதம். தலைநகர் மாலே போய் இறங்கும்போது நான்கு மணி தாண்டிவிட்டது. அங்கிருந்து எங்கள் தீவுக்குத் தண்ணீரில் இறங்கும் சிறு விமானத்தில் போக வேண்டும். அது பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். பொழுது சாய்ந்தால் கிடையாது. பக்கத்தில் இருக்கும் ஹுல்ஹுமாலே தீவில் சொந்தச் செலவில் ஓர் அறை எடுத்துத் தங்கினோம். ரிசார்ட்டுக்குப் போன் செய்தால், ஒரு பெண் மிக மரியாதையாகப் பேசினாள். உங்கள் அறை உங்களுக்காகத் தயாராகவே இருந்தது, வராதது நீங்கள்தான், எனவே அந்த இரவுக்குப் பணம் திரும்பாது என்றாள். கல்யாணத்துக்கு வராத விருந்தாளியின் இலைக்கும் நாம் காசு வாங்குகிறோமே என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. ஆனால் நம் ஊரில் மறுநாள் அந்த வீட்டுக்கு ஒரு தூக்கு பாயசமாவது போகும்.

மறுநாள் காலை அந்தச் சிறு விமானத்தில் ஏறப் போனால் பெட்டிக்கு எடை. ஆளுக்கு 20 கிலோவும் கைப்பையில் 5 கிலோவும்தான் அனுமதி. என் வீட்டுக்காரி கேழ்வரகு மாவு, பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு என்று பாதிக் கடையைக் கட்டியிருந்தாள். கூடுதல் எடைக்குப் பையன் டாலரில் பணம் கட்டினான். அந்த முறுக்கின் விலையை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

போய் இறங்கியதும் கையில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டார்கள். கத்தரித்தால்தான் கழற்ற முடியும். எங்களுக்கு நீலம், வேறு சிலருக்குத் தங்க நிறம். எல்லாம் அடங்கிய பேக்கேஜ் என்றுதானே வந்தோம், இதில் என்ன சாதி என்று பார்த்தால், பட்டையின் நிறத்துக்கு ஏற்றாற்போலத்தான் எல்லாமே. நீலத்துக்கு டப்பா ஜூஸ் உண்டு, பிழிந்த ஜூஸ் கிடையாது. பஃபே உண்டு, கடலோரம் மேசை போட்ட உணவகத்துக்குத் தனிக் காசு. துடுப்புப் படகு உண்டு; டால்பின் பார்க்கும் படகுக்குத் தனிக் காசு. பியரும் விஸ்கியும் மட்டும் நாள் முழுக்க எவ்வளவு வேண்டுமானாலும் உண்டு. அங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கட்டிய பணத்தில் ஒரு பங்கு அந்தக் குடிக்குத்தான். எங்கள் வீட்டில் தொடுகிறவர் யாரும் இல்லை. பக்கத்து மேசைக்காரர்களின் குடிக்கு மொய் எழுதிவிட்டு நாங்கள் டப்பா ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தோம். அந்த ஜூஸும் மாம்பழம். ஒரு வாய் வைத்ததுமே தெரிந்துவிட்டது, நம் பெங்களூராக் கூழ்தான். மேலே சர்க்கரையைக் கொட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். உன் தோட்டத்துக் காயாகவே இருந்தாலும் ஆச்சரியம் இல்லை.

முப்பது வருடமாகப் பந்தி போடுகிறவனைப் பஃபே முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் அவன் கண் சும்மா இருக்குமா? முதல் மேசையில் ரொட்டி, நூடுல்ஸ், உருளைக்கிழங்கு. வயிற்றை நிரப்பும் மலிவுச் சரக்கெல்லாம் வாசலிலேயே. இறால் இருக்கும் மேசை கடைக்கோடியில். அதை நாமே எடுத்துக்கொள்ள முடியாது. தொப்பி போட்ட ஒருவர் கரண்டிக்கு மூன்றாக எண்ணி வைப்பார். தட்டு நம் சிற்றுண்டித் தட்டைவிடச் சிறியது. ராத்திரி சுட்டு வைத்த மீன் மறுநாள் மதியம் மயோனைஸ் பூசிக்கொண்டு சாலட்டாக வந்தது. கேட்டரிங்காரனிடமே மிச்சத்தை மாற்றி வைப்பதா? நேற்றைய பருப்பு வடையை இன்று வடைகறியாக்கும் கலையில் நாங்கள் அவர்களுக்குப் பாட்டன்மார். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சுத்தமாக வைத்திருந்தார்கள், கெட்டுப்போனது எதுவும் இல்லை. ஆனால் அந்த விலைக்கு அது தகாது.

இதைவிட என்னை உறுத்தியது எங்கள் வீட்டு நடத்தைதான். முன்கூட்டியே பணம் கட்டியாயிற்று என்றதும் எல்லோருக்கும் ஒரு வேகம் வந்துவிட்டது. பையன் பசிக்கிறதோ இல்லையோ வேளாவேளைக்குப் போய் வரிசையில் நின்றான். மருமகள் மசாஜுக்கு என்ன தள்ளுபடி, எது இலவசம் என்று காகிதத்தில் அடிக்கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். என் வீட்டுக்காரிக்கு ஆடி வெள்ளி விரதம். அன்று முழுக்க இரண்டு வாழைப்பழத்தோடு அவள் உட்கார்ந்திருக்க, "அம்மா, ஒரு நாள் சாப்பாட்டுக் காசு போச்சே" என்று பையன் முனகினான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் சொன்னதும் அவன் முகமே சிறுத்துவிட்டது. நம் பந்தியில் மொய் வைக்கிறவனும் இலையில் உட்கார்ந்ததும் கூச்சப்பட்டுத்தான் சாப்பிடுவான். பெண்ணைப் பெற்றவர் இலை இலையாகக் குனிந்து "இன்னும் கொஞ்சம் போடச் சொல்லட்டுமா" என்று கேட்பார். அந்தத் தீவில் கேட்க வேண்டியவர் என்று யாருமே கிடையாது, பங்காளி. அதனால் எங்களுக்குக் கூச்சமும் இல்லை, அவர்களுக்கு இரக்கமும் இல்லை.

வெளியே போய் ஒரு கடையில் எதையாவது வாங்கித் தின்னலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ரிசார்ட் என்றால் ஒரு தீவுக்கு ஒரே விடுதி; அங்கே 1972-இல் சுற்றுலா தொடங்கிய காலம் முதல் பெரும்பாலும் அதுதான் முறை. சுற்றிலும் கடல். அவன் வைத்ததுதான் விலை.

பேரன் ஐஸ்கிரீமை இஷ்டத்துக்குத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டான். ஐஸ்கிரீம் பேக்கேஜில் உண்டு, டாக்டர் கிடையாது. பில்லைப் பார்த்ததும் எனக்கும் வயிற்றைக் கலக்கியது. இன்சூரன்சுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம், வந்தால் பார்க்கலாம். கிளம்பும்போது வரிப் பட்டியல் ஒன்று வந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர் பசுமை வரி. போன ஆண்டு வரை 6 டாலராக இருந்ததாம். சுற்றுலாவுக்கான ஜிஎஸ்டியும் இந்த ஜூலையில் 16 சதவீதத்திலிருந்து 17 ஆகிவிட்டது. அரசாங்க வரிக்கு விடுதியைத் திட்ட முடியாது. ஆனால் ஏஜென்ட் தந்த காகிதத்தில் அதெல்லாம் கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் இருந்தது.

நல்லது எதுவுமே இல்லையா என்பாய். இருந்தது. மழை விட்ட ஒரு சாயங்காலம் மரப்பாலத்தில் நின்றிருந்தோம். விளக்கு வெளிச்சத்தில் முறம் அகலத்துக்கு ஒரு திருக்கை மீன் வந்து, பாலத்தூணைச் சுற்றிவிட்டுப் போனது. பேரன் கத்தவே மறந்துவிட்டான். காலையில் ஆம்லெட் போடும் பையன் ராமநாதபுரம் பக்கம். தமிழ் காதில் விழுந்ததும் மலர்ந்துவிட்டான். முட்டை எங்கிருந்து வருகிறது என்று தொழில் புத்தியில் கேட்டேன். "நம்ம நாமக்கல் முட்டைதான், அண்ணாச்சி" என்றான். போன ஆண்டு மாலத்தீவுக்கு 42 கோடிக்கு மேல் முட்டை அனுப்ப நம் அரசு அனுமதி கொடுத்த செய்தியைப் படித்தது நினைவுக்கு வந்தது. மறுநாளிலிருந்து அவன் எனக்குச் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டுத் தனியாகக் கொடுத்தான். கையில் டாலரைத் திணித்தேன், வாங்க மறுத்துவிட்டான். அடுத்த பெருநாளைக்கு ஊருக்கு வரும்போது தருமபுரி வந்து பிரியாணி சாப்பிடச் சொல்லியிருக்கிறேன்.

பையன் தினமும் ராத்திரி, "அப்பா, நன்றாக இருக்கிறதா?" என்று கேட்பான். நன்றாக இருக்கிறது என்றேன். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊர் திரும்பும்போது கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டும் வரை யாரும் அதிகம் பேசவில்லை.

உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். போகத்தான் வேண்டும் என்றால் தை, மாசியில் போங்கள்; மாங்காய் பறிப்பும் அப்போது உனக்கு இருக்காது. விமானம் மதியத்துக்குள் மாலேயில் இறங்குகிறதா என்று பார்த்துப் போடச் சொல். குடி சேராத பேக்கேஜ் உண்டா என்று கேட்கச் சொல். காலை, இரவு உணவு மட்டும் சேர்ந்ததும் கிடைக்குமாம். வரி, படகு, டாக்டர் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். ஊர்மக்கள் வாழும் தீவுகளிலும் சின்னச் சின்ன விடுதிகள் வந்துவிட்டன என்று ஆம்லெட் பையன் சொன்னான். அங்கே வெளியே போய் மீனும் ரொட்டியும் வாங்கித் தின்னலாமாம். குடி அங்கே தடை. நமக்கு என்ன நஷ்டம்?

இன்னொன்று. ஆவணி முகூர்த்தத்துக்குச் சந்தூரிலிருந்து ஒரு வீட்டார் வந்து ஆயிரம் இலை பேசிவிட்டு, ஐயாயிரம் ரூபாய் மட்டும் அட்வான்ஸ் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மாந்தோப்பை நம்பி நடத்தும் கல்யாணம் போலத் தெரிகிறது. இந்த வருட விலையில் எப்படித் தாங்குவார்களோ? உனக்குத் தெரிந்த குடும்பமாக இருந்தால் விசாரித்து எழுது. பாக்கியை ஐப்பசி வரை பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றால் முதலிலேயே தெரிந்தால் நல்லது. மளிகைக் கடைக்காரரிடம் அதற்கேற்ப நான் தவணை சொல்லிவிடுவேன்.

உன் வீட்டில் தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

உன்,
பங்காளி