ஸ்கேனரோடு சேர்த்து வாங்க வேண்டியவை

ஆய்வுக் கருவிகள் கொள்முதல் குழுவினருக்கு,

வணக்கம். பல துறைகளும் சேர்ந்து பயன்படுத்த 3 டெஸ்லா காந்த வலிமையுள்ள எம்.ஆர்.ஐ. ஸ்கேனர் வாங்கப் போகிறீர்கள் என்று அறிந்ததும் மனம் நிறைந்தது. மூளை ஆய்வுக்காகப் பல ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் ஸ்கேனரை நம்பியிருந்தவன் நான். நோயாளிகள் எல்லாரும் போன பிறகு, இரவில்தான் எங்கள் முறை வரும். பக்கவாதம் வந்த ஒருவரை அழைத்து வந்துவிட்டால், காத்திருந்த தன்னார்வலரைத் திருப்பி அனுப்புவோம். அதில் எனக்கு வருத்தமே இல்லை. அப்படித்தான் செய்ய வேண்டும்.

ஆறாத வருத்தம் வேறொன்று. முதுமையில் மூளையின் வெளி அடுக்கான புறணி எவ்வளவு மெலிகிறது என்று ஒரே ஆட்களை ஆண்டுதோறும் அளந்துவந்தோம். மில்லிமீட்டரிலும் சிறு பின்னமாக வரும் மாற்றம் அது. ஆய்வு பாதியில் இருக்கும்போது, எங்களுக்குச் சொல்லாமலே ஸ்கேனரின் மென்பொருளை மாற்றிவிட்டார்கள். அதன்பின் கண்ட வேறுபாடு முதுமையால் வந்ததா, மென்பொருளால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லாமல் போயிற்று. முழங்கால் வலியோடு வந்து அசையாமல் படுத்திருந்த முதியவர்களின் நேரம் அது.

காந்தத்தின் வலிமையைப் பற்றி நீங்கள் எடுத்த முடிவு சரியானது. 3 டெஸ்லா என்பதே பூமியின் காந்தப்புலத்தைப் போல் ஏறத்தாழ 60,000 மடங்கு. 7 டெஸ்லா கேட்பவர்களின் ஆவலும் எனக்குப் புரிகிறது. மூளையின் நுண்ணிய அடுக்குகளைப் பார்க்க அது அருமையான கருவி. ஆனால் அந்த வலிமையில் ரேடியோ அலைகள் உடலுக்குள் சீராகப் பரவுவதில்லை. இதயத்தையும் கல்லீரலையும் ஆராய்கிறவர்கள் திண்டாடுவார்கள். எல்லாருக்கும் பொதுவான கருவி என்றால் 3 டெஸ்லாவே பொருத்தம். தயவுசெய்து அதிலிருந்து மாறாதீர்கள்.

காந்தச் சுருளை −269 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கும் திரவ ஹீலியத்துக்கும் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் விலைப்புள்ளியிலேயே இடம் இருக்கும். முழுநேர எம்.ஆர்.ஐ. இயற்பியலாளர் ஒருவரின் சம்பளத்துக்கு இருக்காது. ஒவ்வோர் ஆய்வின் கேள்விக்கும் ஏற்றபடி படமெடுக்கும் முறையை வடிவமைப்பவர் அவர்தான். ஃபாண்டம் என்னும் மாதிரிப் பொருளை அடிக்கடி உள்ளே வைத்துப் படமெடுத்து, அளவீடு நழுவுகிறதா என்று கண்காணிப்பவரும் அவரே. அப்படி ஒருவர் எங்களிடம் இருந்திருந்தால், மென்பொருள் மாறிய வாரமே தெரிந்திருக்கும். அந்தச் சம்பளத்தை ஒதுக்காமல் கொள்முதல் ஆணையில் கையெழுத்திட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

அடுத்தது, நேரம். நிதி வளமுள்ள ஆய்வகங்கள் பகல் நேரம் முழுவதையும் முன்பதிவு செய்துவிட்டால், பொதுக் கருவி என்ற பெயர் மட்டுமே மிஞ்சும். ஒவ்வொரு வாரமும் சில மணிநேரத்தை முன்னோட்ட ஆய்வுகளுக்குக் கட்டணமின்றி ஒதுக்குங்கள். முதல் படங்கள் கையில் இல்லாத இளம் ஆய்வாளருக்கு யாரும் நிதி தருவதில்லை. நிதி இல்லாமல் அவரால் அந்தப் படங்களை எடுக்கவும் முடிவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆய்வுக்காக எடுத்த படத்தில் எதிர்பாராமல் ஒரு கட்டி தெரிந்தால் அதைப் பார்த்துச் சொல்லப்போகும் கதிரியக்க மருத்துவர் யார், பங்கேற்றவரிடம் அதை யார் தெரிவிப்பார்கள் என்பதை முதல் தன்னார்வலர் உள்ளே படுப்பதற்கு முன்பே எழுதிவையுங்கள்.

பயன்பாட்டு விதிகளின் வரைவைக் கருவி வந்திறங்கும் முன்பே எல்லாத் துறைகளுக்கும் அனுப்புங்கள். மென்பொருள் மாற்றத்துக்கு முன்கூட்டியே எழுத்துமூலம் அறிவிப்பு வேண்டும் என்ற விதி அதில் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன்.

இப்படிக்கு,
மூளைப் படிம ஆய்வாளன் ஒருவன்