சென்னைச் சுற்றுலா: மழை வந்தாலும் போகிறோம், திட்டம் மட்டும் மாறுகிறது

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

இரண்டு நாளாக எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "டீச்சர், வங்கக் கடல்ல காற்றழுத்தத் தாழ்வுன்னு டிவியில சொல்றாங்களே, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் சென்னைக்குக் கூட்டிட்டுப் போறீங்களா இல்லையா?" தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். போகிறோம். ஆனால் முன்பு உங்களிடம் கொடுத்த பயணத் திட்டத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். மாமல்லபுரம் இல்லை, வண்டலூர் இல்லை. நனைந்த பாறையில் நாற்பது பிள்ளைகளை ஏற்றி இறக்க எனக்குத் தைரியம் கிடையாது. இரண்டு நாளும் பெரும்பாலும் கூரைக்கு அடியில்தான் இருப்போம்.

மழைக்காலத்தில் போய் யாராவது சென்னைக்குச் சுற்றுலா போவார்களா என்று சில பேர் கேட்டீர்கள், நியாயமான கேள்விதான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, சென்னைக்கு ஒரு வருடத்தில் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி இந்த மூன்று மாதத்தில்தான் கொட்டும். ஆனால் டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, ஜனவரிக்கு மேல் திருப்புதல், அப்புறம் ஆண்டுத் தேர்வு, அது முடிந்தால் வெயில். பள்ளி நாட்காட்டியில் கிடைத்த இடைவெளி இதுதான். தவிர, மழை என்றதும் எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டு வீட்டில் உட்காருவதை விட, மழையிலும் ஒரு ஊரை எப்படிப் பார்ப்பது என்று பிள்ளைகள் பழகட்டுமே.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். வானிலை மையம் கொடுக்கும் நிற எச்சரிக்கையை வைத்து முடிவு எடுப்போம், டிவி ஸ்க்ரோலை வைத்து அல்ல. ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் போனால் அதிகனமழை. மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுங்கள் என்று பொருள். நம் கணக்கு இதைவிடக் கறாரானது. வெள்ளிக்கிழமை மதியம் சென்னைக்கு ஆரஞ்சோ சிவப்போ இருந்தால் ரயில் ஏற மாட்டோம், வேறு தேதி பார்ப்போம். மஞ்சள் என்றால் போவோம். போன பிறகு ஆரஞ்சு வந்தால் தங்குமிடத்தை விட்டு யாரும் வெளியே வரப்போவதில்லை, அதற்கும் திட்டம் இருக்கிறது, கீழே சொல்கிறேன். இன்னொன்று: 2015 வெள்ளத்தில் எடுத்த வீடியோவை இன்று காலை எடுத்தது போல யாராவது உங்களுக்கு அனுப்புவார்கள். பதறி எனக்குப் போன் செய்வதற்கு முன் அதில் ஓடும் பஸ்ஸையும் கடைப் பலகையையும் ஒரு தடவை உற்றுப் பாருங்கள். காலையிலும் இரவிலும் வகுப்பாசிரியர் உங்கள் குழுவில் செய்தி போடுவார், அதுதான் நிஜம்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். ரயில் எழும்பூரில் நிற்கும், தங்குமிடமும் பக்கத்திலேயே. குளித்துச் சாப்பிட்டுவிட்டு நேராக எழும்பூர் அருங்காட்சியகம், முழு நாளும் அங்கேதான். "முழு நாளா?" என்று பிள்ளைகளே முகம் சுளித்தார்கள். நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒரே நாளில் ஆறு இடம் பார்க்கிறோம் என்று பஸ்ஸில் ஏற்றி இறக்கி, மாலையில் எதைப் பார்த்தாய் என்று கேட்டால் ஐஸ்கிரீம் கடையை மட்டும் சொல்லும் சுற்றுலாக்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

1851-இல் தொடங்கிய அருங்காட்சியகம் இது, கொல்கத்தாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பழையது. வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால்தான் சனிக்கிழமையைப் பிடித்தோம். ஒரே கட்டடம் இல்லை, ஒரு வளாகத்துக்குள் பல கட்டடங்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடும்போது நனையத்தான் செய்யும். அமராவதியிலிருந்து வந்த சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் இருக்கின்றன, திமிங்கிலத்தின் முழு எலும்புக்கூடு இருக்கிறது (பையன்கள் முதலில் ஓடப்போவது அங்கேதான், தெரியும்), செப்புத் திருமேனிகளுக்கு என்றே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது.

அந்தச் செப்புத் திருமேனிக் கூடத்தில்தான் அதிக நேரம் இருக்கப் போகிறோம். திருவெண்காட்டில் கிடைத்த சோழர் காலத்து அர்த்தநாரி அங்கே நிற்கிறது. பிள்ளைகளிடம் நான் வேறு எதுவும் சொல்லப் போவதில்லை, கைகளை எண்ணச் சொல்லப் போகிறேன். மூன்றுதான் இருக்கும். சிவன் பாதியில் இரண்டு, அம்மன் பாதியில் ஒன்று. ஏன் என்று அவர்களே வாதாடட்டும். இடுப்பு எந்தப் பக்கம் வளைகிறது, இரண்டு பக்கத்து உடையும் ஒரே மாதிரியா, எல்லாம் வரைந்தால்தான் கண்ணில் படும். அப்புறம் அது எப்படிச் செய்யப்பட்டது என்று ஓவிய ஆசிரியர் விளக்குவார். முதலில் மெழுகில் உருவம், அதன்மேல் களிமண் பூச்சு, சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும், அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் களிமண்ணை உடைப்பார்கள். அச்சு உடைந்துவிடுவதால் அதே அச்சில் இரண்டாவது சிலை வார்க்க முடியாது. ஆளுக்கு ஒரு கோடு போடாத நோட்டும் பென்சிலும் கொடுத்துவிடுங்கள். ஒருவருக்கு ஒரு பொருள், அரை மணி நேரம் அதன் முன்னால் உட்கார வேண்டும். படம் நன்றாக வர வேண்டும் என்று அவசியமே இல்லை.

அதே வளாகத்தில் கன்னிமாரா நூலகம், 1896-இல் திறந்தது. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் சட்டப்படி அனுப்பப்பட வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. அனுமதி கேட்டிருக்கிறோம், கிடைத்தால் உள்ளே ஒரு சுற்று.

மாலையில் மெட்ரோ. எழும்பூரில் ஏறி சென்ட்ரலில் மாறி, விமான நிலையம் வரை போய்த் திரும்புகிறோம், அவ்வளவுதான், எங்கும் இறங்கப் போவதில்லை. பாதிப் பிள்ளைகள் சுரங்க ரயிலில் ஏறியதே இல்லை. சைதாப்பேட்டை வரை பூமிக்கு அடியில் ஓடும் வண்டி சின்னமலைக்கு முன்னால் மேலே ஏறும், அந்த இடத்தில் ஜன்னலில் திடீரென்று மழை அடிக்கும்போது அவர்கள் போடும் கூச்சலைத் தாங்க வேண்டியது சக பயணிகளின் தலைவிதி.

ஞாயிற்றுக்கிழமை காலை விவேகானந்தர் இல்லம். கடற்கரைச் சாலையில், மெரினாவுக்கு எதிரே. பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். 1842-இல் அமெரிக்காவிலிருந்து வரும் ஐஸ்கட்டியைச் சேமித்து வைக்கக் கட்டிய கட்டடம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம், சூயஸ் கால்வாயும் இல்லை, அதை 1869-இல்தான் திறந்தார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனியைப் பாளம் பாளமாக அறுத்துக் கப்பலில் ஏற்றி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் கடலில் வந்து இங்கே இறக்கினார்கள். வழியில் ஒரு பகுதி உருகத்தான் செய்யும், ஆனாலும் விற்று லாபம் பார்க்கும் அளவுக்கு மிச்சம் இருந்தது! எப்படி? பாளங்களை இடைவெளி இல்லாமல் அடுக்கினால் வெளிக்காற்று படும் பரப்பு குறையும், சுற்றிலும் மரத்தூள் நிரப்பினால் அதற்குள் சிக்கிய காற்று வெப்பத்தை உள்ளே விடாது. வியாழக்கிழமை அறிவியல் வகுப்பில் இதைச் செய்து பார்க்கிறோம், ஒரு ஐஸ்கட்டி தட்டில், இன்னொன்று மரத்தூளுக்குள். மர இழைப்பகம் வைத்திருக்கும் பெற்றோர் யாராவது ஒரு சிறு சாக்கு மரத்தூள் கொடுத்தால் உதவியாக இருக்கும். பின்னாளில் இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. 1897-இல் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் இங்கே ஒன்பது நாள் தங்கினார், இன்று உள்ளே அவரைப் பற்றிய கண்காட்சி இருக்கிறது. திங்கள் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும்.

கடலைக் காட்டாமல் என்ன சென்னை டூர் என்று ஒரு அப்பா கோபித்துக்கொண்டார். காட்டுவோம். மழை விட்டிருந்தால் சாலையைக் கடந்து மணலில் பத்து நிமிடம் நிற்போம், ஆசிரியர்கள் கைகோத்து முன்னால் நிற்பார்கள், ஒரு பிள்ளையின் காலும் தண்ணீரில் படாது. மெரினாவில் குளிப்பது எப்போதும் ஆபத்து, மழைக்காலத்துக் கடல் இன்னும் மோசம், இதில் பேரம் கிடையாது. உங்கள் மகனிடம் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

மதியம் கோட்டூர்புரம். பிர்லா கோளரங்கத்தில் தமிழ்க் காட்சி ஒன்று, அப்புறம் பக்கத்திலேயே இருக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகம். வெளியே வானமே தெரியாத நாளில் உள்ளே உட்கார்ந்து நட்சத்திரம் பார்ப்பது நல்ல வேடிக்கைதான். மழை நாளுக்கு மால்தான் வசதி என்று பயண ஏற்பாட்டாளர் இரண்டு முறை சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். மால் எந்த ஊரிலும் மால்தான். பிள்ளைகள் என்மேல் வருத்தத்தில் இருக்கிறார்கள், இருக்கட்டும்.

இனி, தங்குமிடத்திலேயே அடைந்து கிடக்க நேர்ந்தால். பொதுக்கூடம் ஒன்று இருக்கிறது. தாயக்கட்டையும் பல்லாங்குழியும் எடுத்து வருகிறோம், செஸ் போர்டு வைத்திருப்பவர்கள் கொடுத்து அனுப்பலாம். ஆனால் எனக்குப் பிடித்தது மழைமானி. அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமாக, தட்டையான அடியுடன் இருக்கும் ஒரு டப்பா, ஒரு ஸ்கேல், அவ்வளவு போதும். மொட்டை மாடியில் சுவரோரமாக இல்லாமல் திறந்த இடத்தில் ஆசிரியர் வைத்துவிட்டு வருவார், காலை எட்டரைக்கு எடுத்து அளப்பார்கள். வானிலை மையமும் எட்டரைக்குத்தான் 24 மணி நேரக் கணக்கை முடிக்கிறது, ஆகவே நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் வானிலை நிலையங்களின் அளவுகளோடு நம் டப்பாவை ஒப்பிடலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். அந்த மொட்டை மாடியின் நீள அகலத்தை வைத்து எத்தனை குடம் தண்ணீர் வீணாகச் சாக்கடைக்குப் போனது என்று கணக்குப் போடச் சொன்னால் ஒரு மணி நேரம் சத்தமே வராது.

கொடுத்து அனுப்ப வேண்டியவை: மழைக்கோட்டு (குடை வேண்டாம், கூட்டத்தில் கண்ணைக் குத்தும்), ஈரமானாலும் சீக்கிரம் காயும் வாருள்ள செருப்பு, ஒரு செட் துணி கூடுதலாக, இரண்டு துண்டு. ஈரத்துணிக்குப் பாலிதீன் கவர் கொடுக்காதீர்கள், தமிழ்நாட்டில் 2019-லிருந்து அதற்குத் தடை, ரெக்சின் பை போதும். ஷூ போட்டே தீருவேன் என்பவர்கள் இரண்டு நாளும் ஈரக் காலோடு நடக்கட்டும். தேங்கிய தண்ணீரில் இறங்கக் கூடாது, அடியில் திறந்த பள்ளம் இருக்கலாம், எலிக்காய்ச்சலும் அந்தத் தண்ணீரிலிருந்து வரும். காலில் புண் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இன்ஹேலர் பயன்படுத்தும் பிள்ளைகள் அதை மறக்கவே கூடாது.

மாறிய திட்டத்துக்குப் புதிதாக ஒப்புதல் கையெழுத்து வேண்டும், பழைய படிவம் செல்லாது. புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். இந்த மழையில் அனுப்ப மனம் ஒப்பவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள், கட்டிய பணத்தைத் திருப்பித் தருகிறோம், பிள்ளையை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். வெள்ளி இரவு ரயில் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஸ்டேஷனில் இருக்க வேண்டும். வழியனுப்ப வருபவர்கள் வீட்டுக்கு ஒருவர் என்று, பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை