அண்டி ஆபீசுக்குள் வந்து வகுப்பு எடுங்கள்

தொழிலகப் பாதுகாப்பு, தொழிலாளர் நலத் துறைகளின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் அம்மா, சித்தி, மைனி என்று வீட்டுக்கு ஒருவராவது அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்த்தவராக இருப்பார்.

பாதுகாப்புப் பயிற்சி என்றால், எனக்குத் தெரிந்த ஆலைகளிலிருந்து மேலாளரோ கணக்கரோதான் போய்ச் சான்றிதழோடு வருவார்கள். உடைப்புப் பிரிவில் இருக்கிற பெண்களுக்கு அப்படி ஒரு வகுப்பு நடந்ததே தெரியாது.

அந்தப் பிரிவை ஒரு தடவை வந்து பாருங்கள். தரையில் உட்கார்ந்து, மரக்கட்டையால் கொட்டையைத் தட்டிப் பருப்பை எடுக்கிறார்கள். கொட்டைத் தோட்டின் எண்ணெயில் தோலை அரிக்கிற அனகார்டிக் அமிலமும் கார்டாலும் இருக்கின்றன. பட்ட இடம் பொள்ளும். சாம்பலைப் பூசுவார்கள், இல்லையென்றால் தேங்காய் எண்ணெயைத் தேய்ப்பார்கள். அதுதான் அவர்களே கண்டுபிடித்த பாதுகாப்பு. விரல் நுனி கறுத்துத் தோல் உரிந்தவர்களுக்கு ரேஷன் கடையில் கைரேகை சரியாக விழாது. சாப்பாட்டில் கை வைத்தால் காந்தும்.

கையுறை கொடுக்கலாமே என்பீர்கள். கொடுத்த கையுறை ஆணியில் தொங்குகிறது. கூலி கிலோ கணக்கில்தான் வருகிறது. கையுறை போட்ட கைக்கு வேகம் குறையும், பருப்பும் முழுசாக வராமல் உடையும். சாயங்காலம் எடை போடும்போது அந்த நஷ்டம் அவள் கணக்கில்தான் விழும். பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டியவள் கையுறையைக் கழற்றுவதை அறியாமை என்று சொல்லாதீர்கள்.

ஆகவே, கூலியை ஒரு வகுப்பிலும் பாதுகாப்பை இன்னொரு வகுப்பிலும் பேசாதீர்கள். கையுறை பழகும் நாட்களில் எடை குறைந்தாலும் கூலி குறையக் கூடாது என்று ஆலைக்காரர்களிடமும் சூப்பர்வைசர்களிடமும் முதலில் பேசுங்கள். பயிற்சி அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆலைக்குள் பயிற்சி என்பது புதுக் கோரிக்கை அல்ல. 1984 போபால் விபத்துக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 111ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். தன் வேலையில் உள்ள ஆபத்தைப் பற்றித் தகவல் கேட்கவும், கூடுமானவரை ஆலைக்குள்ளேயே பயிற்சி பெறவும் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று அன்றைக்கே எழுதிவிட்டார்கள். முதலுதவிப் பெட்டியை அதற்கான சான்றிதழ் பெற்றவர் பொறுப்பில் வைக்க வேண்டும் என்று 45-ம் பிரிவு சொன்னது. அந்தச் சான்றிதழை உடைப்புப் பிரிவுப் பெண் ஒருத்திக்கு வாங்கிக் கொடுத்தால் என்ன?

வகுப்பு வேலை நேரத்திலேயே நடக்கட்டும், அன்றைய கூலியோடு. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு தோல் மருத்துவரை அழைத்து வாருங்கள். ரெண்டு மூன்று வகைக் கையுறைகளைக் கொண்டு வந்து, கைவேகமுள்ள பெண்களிடமே கொடுத்துப் பாருங்கள். எது ஒத்துவரும் என்று அவர்கள் சொல்வார்கள். அப்புறம், வறுக்கிற இடத்தில் புகைக்குள் நிற்கிற ஆண்களையும் விட்டுவிடாதீர்கள்.

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம். இந்த முறை கூட்டத்தைக் கருங்கல், மார்த்தாண்டம் பக்கம் ஏதாவது ஓர் ஆலையின் உடைப்புப் பிரிவில் வையுங்கள். தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெண்களிடம் சொல்லி அழைத்து வருவதை ஊரில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கருங்கல் வட்டாரத்து முந்திரித் தொழிலாளி வீட்டுப் பெண்